கலீஜ் என்றொரு லேயர்

"உங்க ஊர்ல துரு புடிக்காதா?"

ஆரோக்கியம் அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். ராயபுரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. நான் இன்னும் செருப்பைக் கழற்றியிருக்கவில்லை.

"பிடிக்கும் அக்கா. பினாங்கும் தீவுதானே, சுற்றிலும் உப்புக் காற்றுதான்."

"அப்ப அங்க கீற துருவப் பாத்துகினு கெடக்க வேண்டியதுதான? இங்கேந்து எதுக்கு பிளேன்ல ஏத்திகினு போற?"

உள்ளேயிருந்து அவருடைய மகள் ஸ்டெல்லா ஓடி வந்தாள். "யம்மா, அவங்கள உள்ள வரவுடு மொதல்ல!"

கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் நீளம். பினாங்கில் ஒரு தமிழ் நாளிதழின் படப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். இப்போது ஓய்வு. எங்கள் ஊர் மன்றம் ஒன்று துறைமுக ஊர்களைப் பற்றிய படங்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கிறது. அதற்கு ஸ்டெல்லா கைப்பேசியில் அனுப்பிய ஒரு படம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கேன்வாஸில் அச்சிட்டு, பலகையில் ஒட்டி, தபாலில் அனுப்பினால் மூலை உடைந்துதான் வந்து சேரும். கையோடு எடுத்துவர ஆள் வேண்டும். மன்றத்தில் வேலை இல்லாத ஒரே ஆள் நான். ஒரு வாரம் தங்கல் ஸ்டெல்லா வீட்டில்தான்.

படத்தில் இருந்தது ஆரோக்கியம் அக்காவின் முகம். அவர் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவர். உதட்டில் ஒரு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, அது விழுந்துவிடாமல் சிரிக்கிறார். நெற்றியும் கன்னமும் புடவையும் முழுக்கத் துரு. ஆரஞ்சு, காவி, கறுப்பு. உரிந்துபோன நீலப் பெயின்ட் புடவைக்குக் கரை கட்டியதுபோல் ஓடுகிறது.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஊரே பாக்கப் போவுது. மூஞ்சி பூரா துரு. எம் மெஷின்ல ஒரு பொட்டு துரு கீதா, நீயே பாரு" என்று என் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். சன்னல் கம்பியை உப்புக் காற்று தின்றிருந்தது. அதற்குக் கீழே இருந்த தையல் இயந்திரம் கறுப்புக் கண்ணாடிபோல மின்னியது. தினம் இரண்டு வேளை எண்ணெய்த் துணியால் துடைக்கிறாராம்.

"கேட்டா நான்னு சொல்லாத. யாரோ பொம்பளன்னு சொல்லு" என்றார்.

அன்று மாலை ஸ்டெல்லா என்னிடம் தனியாகச் சொன்னாள். "அம்மா சரின்னு சொல்லாம அது போவாதுக்கா. படம் அவங்க மூஞ்சி. ஞாயித்துக்கெழமக்குள்ள சரின்னு வாங்கிடுவேன், நீ கவலப்படாத." ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். எனக்குக் கவலை தொடங்கியது அப்போதுதான்.

புதன்கிழமை அவள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கப் போனேன். திருவொற்றியூர்ப் பக்கம், கண்டெய்னர்களை அடுக்கி வைக்கும் பெரிய மைதானம். ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் அமரும் இடத்தில் ஐந்து பேர். என் ஒரு கால் வெளியே தொங்கியது. கண்டெய்னர் லாரிகள் சாலையின் இடது ஓரம் முழுக்க வரிசைகட்டி நின்றன. அந்த வரிசை நகரும் என்ற நம்பிக்கை யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு ஓட்டுநர் லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்டோக்காரர் பாதி வழியில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"எறங்கி நடந்தா அஞ்சு நிமிஷம். குந்திகினு இருந்தா நாஸ்டாவும் இங்கதான், சாப்பாடும் இங்கதான். உங்க இஷ்டம்."

எல்லோரும் இறங்கி நடந்தோம். அவர் தூங்க ஆயத்தமானார். பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு வெளியேயும் லாரி வரிசை உண்டு. ஆனால் அங்கே இவ்வளவு நல்ல சோற்று வாசனை வராது.

ஸ்டெல்லாவின் வேலை காயம் தேடுவது. ஒவ்வொரு கண்டெய்னரும் வரும்போதும் போகும்போதும் சுற்றி வந்து, நசுங்கல், ஓட்டை, துரு எதுவானாலும் அலுவலகக் கைப்பேசியில் படம் எடுத்து அறிக்கை அனுப்ப வேண்டும். ஆரஞ்சு நிறச் சட்டையும் தலைக்கவசமுமாக அவள் ஒரு பெட்டியின் முன்னே குந்தி உட்கார்ந்து, சூரியன் மேகத்திலிருந்து வெளியே வரக் காத்திருந்தாள். அறிக்கைக்குச் சூரியன் தேவையில்லை.

"இத்தப் பாருக்கா. ஒருத்தி தல சீவிகினு கீறா மாதிரி இல்ல?"

பார்த்தேன். கதவின் கீழ் மூலையில் மழைநீர் வழிந்த துருக்கோடுகள். முதலில் கோடுகள்தான் தெரிந்தன. பிறகு ஒரு பெண் தலை சீவினாள்.

அறிக்கை போனதும் அலுவலகக் கைப்பேசியிலிருந்து படங்கள் அழிக்கப்பட்டுவிடும். பிடித்தவற்றை மட்டும் மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். "துருவுக்கு எவன்மா சண்டைக்கு வருவான், எடுத்துக்கோ" என்று அவர் சொல்லிவிட்டாராம். அதைச் சாதாரணத் தாளில் அச்சிட்டு, தண்ணீர் தெளித்து, மேலே வாட்டர் கலர் தீட்டுவாள். மையும் வண்ணமும் கலந்து ஊறி ஓடும். அந்த ஈரத்திலேயே மறுபடி படம் எடுத்துவிட வேண்டும். காய்ந்தால் வெறும் அழுக்குத் தாள். பிறகு அதைக் கணினியில் ஏற்றி, இன்னொரு புகைப்படத்தின் மேல் படரவிட வேண்டும். மூன்று முறை படம், ஒரு முறை தூரிகை, ஒரு முறை மவுஸ்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அத்தோ வாங்கிக் கொடுத்தாள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களோடு வந்த பண்டம். மஞ்சள் நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிய பேஜோ என்ற தட்டை. எல்லாவற்றையும் வண்டிக்கார அம்மா கையாலேயே பிசைந்தார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். பினாங்கில் நூடுல்ஸ் என்றால் இரும்புச் சட்டியும் நெருப்பும் சத்தமும். இங்கே சத்தமே இல்லை, கைதான்.

"காரம் ஓகேவா?" என்றார் அந்த அம்மா.

கண்ணில் நீரோடு தலையாட்டினேன்.

"அழுவுறாங்க பாரு, சூப்ப ஊத்து, சூப்ப ஊத்து" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் எனக்காகப் பரிந்து பேசினார். சூப்பும் காரம்.

வியாழக்கிழமை ஸ்டெல்லா வேலைக்குப் போன பிறகு, எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்க்கலாம் என்று தனியாக ரயில் ஏறினேன். எண்ணூரில் இறங்க முடியவில்லை. எனக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு மீன் கூடை, அதன் மேல் ஒரு கை, அந்தக் கையின் மேல் தலைசாய்த்துத் தூங்கும் ஓர் அம்மாள். "இறங்கணும்" என்றேன். என் பினாங்குத் தமிழ் அவரை எழுப்பவில்லை. வண்டி கிளம்பிய பிறகு கண்ணைத் திறந்தார்.

"எறங்கணும்னா வாயத் தொறந்து கத்தணும்மா. நீ இன்னா பூன கணக்கா மொனவுற."

அத்திப்பட்டுப் புதுநகரில் இறங்கினேன். அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்க, அவற்றுக்குக் கீழே உயர் மின்கம்பிகளில் நீர்க்காகங்கள் வரிசையாக இறக்கை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. இறங்கியது வீண்போகாமல் ஒரு படம் எடுத்தேன்.

மாலையில் அதை ஸ்டெல்லாவிடம் காட்டினேன். காலடிப்பேட்டையில் ஒரு அச்சுக் கடையில் இருந்தோம். அவளிடம் சொந்தக் கணினி கிடையாது. கடைக்காரர் ராஜதுரை அண்ணாச்சி தன்னுடைய பழைய கணினியை வேலை முடிந்து அவளுக்குக் கொடுத்துவிடுவார். அவள் என் படத்தைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"எல்லாம் நேரா நிக்குது. பேப்பர்காரங்க போட்டோ."

பிறகு தன்னுடைய கோப்பைத் திறந்து காட்டினாள். அவளுடைய படம் ஒரே படமல்ல. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல லேயர் லேயராக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர். அடியில் 'மூஞ்சி'. அதன் மேல் 'பொடவ'. பிறகு 'நீலம்'. எல்லாவற்றுக்கும் மேலே 'கலீஜ்'. அந்தக் கடைசி லேயரில்தான் துரு முழுவதும் இருந்தது. பல மாதத்து மாலைகள். அழுக்கு, அசிங்கம் என்பதற்கு இந்த ஊர்ச் சொல் அது.

"ஏன் கலீஜ்?"

"அதான் சோக்கா கீது."

அண்ணாச்சிக்குத் திசையன்விளைப் பக்கம். இந்த ஊருக்கு வந்து தலை நரைத்துவிட்டது. அவர் திரையில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனர் ஓடிக்கொண்டிருந்தது. சிறுமியின் கன்னத்தை மவுஸால் தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டிருந்தார். "இங்க வார ஆளு அத்தன பேரும் ஒண்ணுதாம்மா கேக்காங்க. அண்ணாச்சி, கொஞ்சம் கலரு கூட்டுங்கன்னு. நானும் கூட்டிக்கிட்டே இருக்கேன்" என்றார். ஸ்டெல்லாவின் படத்தை வெள்ளிக்கிழமை தானே அச்சிட்டு, பலகையில் ஒட்டித் தருவதாகச் சொன்னார். பினாங்குக்குப் போகிற படம் என்பதில் அவருக்கும் பெருமை இருந்தது.

வெள்ளி மாலை போனபோது, பலகையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். எங்களை நிற்கச் சொல்லி, துண்டை விலக்கினார்.

ஆரோக்கியம் அக்கா குண்டூசியோடு சிரித்தார். பளிச்சென்ற முகம். சுத்தமான புடவை. ஒரு புள்ளி துரு இல்லை.

அண்ணாச்சி எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, பிடிக்கலயா? நல்லா சுத்தமாத்தான வந்திருக்கு?"

"மேல ஒரு லேயரு இருந்துச்சே அண்ணாச்சி."

"ஆமா, கலீஜுன்னு போட்டுக் கெடந்துச்சு. வேல பாக்கும்போது விழுந்த குப்ப, எடுக்க மறந்துட்ட போலன்னு…" அவர் குரல் இறங்கியது. "வெளிநாட்டுக்குப் போற படமாச்சே. அதான் அழிச்சிட்டு, சேவும் பண்ணிட்டேன்."

வேறு ஊரிலிருந்து வந்த ஒருவருக்குக் கலீஜ் என்றால் என்ன என்று தெரியாமல் இருந்திருந்தால் படம் தப்பியிருக்கும். அண்ணாச்சி இந்த ஊர்ப் பேச்சை நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார்.

கணினியின் எல்லா மூலைகளிலும் தேடினோம். பழைய கோப்பின் மேலேயே புதியது உட்கார்ந்துவிட்டது. மன்றத்துக்கு அனுப்பிய கைப்பேசிப் படம் மிகச் சின்னது, பலகை அளவுக்குப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். ஈரத்தாள்கள் எப்போதோ காய்ந்து குப்பைக்குப் போய்விட்டன; அவற்றை எடுத்த படங்களையும் கைப்பேசியில் இடமில்லையென்று அவள் அப்போதே அழித்திருந்தாள். அந்தப் பெட்டிகளோ எந்தக் கடலில் மிதக்கின்றனவோ. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "என் கையக் கொண்டு கல்லுல அடிக்க" என்றார். கடைசியில் ஸ்டெல்லாதான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டில் கொண்டாட்டம்.

"ஐய்ய, இப்பதான் மனுசி மாதிரி கீறேன்!" என்று அக்கா பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, எட்டி நின்று பார்த்தார். எதிர் வீட்டு ரோசி கூப்பிடாமலே வந்தார். "இன்னா யக்கா, பத்து வயசு கொறஞ்சிட்ட! மாமா டூட்டி முடிஞ்சி வந்தா வேற வூடுன்னு திரும்பிப் பூடப் போறாரு." அக்காவின் கணவர் ரயில்வேக்காரர், அந்த வாரம் வெளியூரில் இருந்தார். வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி இருக்கிறதா என்றுகூடப் பேச்சு வந்தது.

"நீ கேட்ட சரிய இப்ப சொல்றேன்டி. சரி. கொண்டு போவட்டும்" என்றார் அக்கா.

ஒரு வாரமாகக் கேட்ட சரி. ஸ்டெல்லா தட்டில் இருந்த வஞ்சிர வறுவலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினாள். மீனை அப்படித் தள்ளுவது அந்த வீட்டில் நடக்காத காரியம். அக்கா கவனித்துவிட்டார்.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்ல."

"மீனுல இன்னா கொற?"

"மீனுல ஒண்ணுமில்லம்மா."

அக்கா படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி படத்தின் பக்கத்தில் போய்க் குந்தி, துணியைச் சோதிப்பதுபோல விரல் நுனியால் தடவினார்.

"இதுல நீ பண்ணது எங்க கீது?"

"போட்டோ நான் எடுத்தது."

"அது சரி. மீதி?"

"மீதி அழிஞ்சிபூட்ச்சு."

அக்கா எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"அளவு மட்டும் எட்த்துட்டு, தைக்காம குடுத்து அனுப்பினா எவனாவது வாங்குவானா? நீ இன்னா, எம் மானத்த வாங்கறதுக்குன்னே பொறந்தியா?"

"கம்ப்யூட்டர்ல மறுபடி பண்ண மாசக்கணக்காவும்மா. நாளன்னைக்கு அக்கா ஊருக்குப் போறாங்க."

"கம்ப்யூட்டர்ல இன்னாத்துக்கு? உனுக்கு கையி இல்ல?"

சனிக்கிழமை காலை எழுந்தபோது சுரண்டும் சத்தம் கேட்டது. ஆரோக்கியம் அக்கா சன்னல் கம்பியைப் பழைய கத்தியால் சுரண்டி, எவர்சில்வர் தட்டில் துருவைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பொட்டு துருவையும் வீட்டுக்குள் விடாத பெண்மணி அதைச் சிந்தாமல் ஏந்தியதைப் பார்த்தேன்.

"எம் மெஷின்லதான் கெடைக்காது. கேட்டுக் கேட்டுப் பாக்காத" என்றார் மகளிடம்.

பலகையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். ஸ்டெல்லா துருவைச் சல்லடையில் சலித்தாள். நைசான தூளை வெள்ளைப் பசையில் கரைத்து, கொஞ்சம் காவி வண்ணம் சேர்த்து, கிண்ணங்களில் பிரித்தாள். கரடான செதில்களைத் தனியே வைத்தாள். அச்சிட்ட முகத்தின் மேல் தூரிகையை வைக்கப்போய் நிறுத்தினாள். ஒருமுறை வைத்தால் திரும்ப எடுக்க முடியாது. கணினியில் அந்தப் பயம் கிடையாது.

அக்கா எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு குண்டூசியை எடுத்து உதட்டில் கடித்துக்கொண்டார்.

"நெத்திலேந்து ஆரம்பி" என்றார் ஊசியைக் கடித்தபடியே. "பயப்படாத. வலிக்காது எனுக்கு."

செய்தி எப்படிப் பரவியதென்று தெரியவில்லை. நான் செய்தித்தாளில் வேலை பார்த்தவள். அந்த வேகத்தை எங்கும் பார்த்ததில்லை. முதலில் ரோசி ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்தார். "எங்க அண்ணன் மீன்புடி போட்டு நங்கூரம். கடல் துரு, வேற கலரு பாரு." உண்மையிலேயே வேறு, கறுப்பு தட்டிய சிவப்பு. கீழ்வீட்டு பாட்சா பாய் தன் ஸ்கூட்டரின் மட்கார்டிலிருந்து ஒரு முழுத் துண்டையே பெயர்த்து எடுத்து வந்தார்.

"பாய், வண்டி ஓடுமா?" என்றார் ரோசி.

"அது ஓடி ரொம்ப நாளாச்சி. இது ஒண்ணாவது பினாங்கு போவட்டும்."

தண்ணீர்த் தொட்டி மூடி, மாடிக் கதவின் தாழ்ப்பாள், அடி பம்பின் கைப்பிடி. ஒவ்வொருவரும் தங்களுடையது எந்த இடத்தில் போகிறது என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒருவருக்குக் காதோரம் கிடைத்தது. திருப்தி இல்லாமல் போனார்.

மத்தியானத்துக்கு முன்பு அண்ணாச்சி வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு, கையில் மூடி போட்ட டம்ளர்.

"கட ஷட்டர்ல சுரண்டுனது" என்று ஸ்டெல்லாவிடம் நீட்டினார். "நல்ல கலீஜா இருக்கான்னு பாரும்மா."

மாடி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவருடைய துரு மோவாய்க்குப் போயிற்று.

வெயில் சாயுமுன் படம் முடிந்தது. கைப்பேசியில் எங்கள் மன்றம் பார்த்த படம் அல்ல இது. அதில் துரு வழவழப்பாக, ஒரு நிழல்போலப் படர்ந்திருந்தது. இதில் துரு நிஜமாகவே துருத்திக்கொண்டு நின்றது. செதில் ஒவ்வொன்றுக்கும் தனி நிழல். கன்னத்தில் தூரிகை தடுமாறிய இடம் தெரிகிறது. நெற்றியில் பசை வழிந்து காய்ந்திருக்கிறது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. குண்டூசி அச்சில் வந்த குண்டூசிதான். அதை அவள் தொடவில்லை. நல்ல படம். அலுவலகத்தில் இருந்திருந்தால் முதல் பக்கம் கேட்டிருப்பேன்.

படம் வெயிலில் வெடிக்காமல் காயட்டும் என்று பாய் ஒரு குடையைப் பிரித்து அதன் மேல் வைத்தார். எல்லோரும் வெயிலில் நின்றோம்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நன்றாக இருக்கிறதென்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "டீ வெக்கறேன்" என்று கீழே போய்விட்டார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நேற்று கிடைத்த சரி வேறு படத்துக்கு என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. எனக்கும்தான்.

ஞாயிறு காலை பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்த கூட்டம் தெருவில் நிற்க, கால் டாக்சி வந்தது. பலகையைப் பழைய போர்வையில் சுற்றி, ஸ்டெல்லாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து மாடியிலிருந்து இறக்கினோம். வளைவில் போர்வை நழுவியது. டிக்கியில் படுக்க வைத்தபோது நெற்றியும் ஒரு கண்ணும் வெளியே தெரிந்தன.

ஓட்டுநர் இளைஞர். அவசரத்தில் இருந்தார். என் பெட்டியைத் தூக்கி, இருந்த ஒரே தட்டையான இடத்தில் வைக்கப்போனார்.

"யோவ்! யோவ்!"

ஆரோக்கியம் அக்கா, செபமாலை இன்னும் கையிலிருக்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தெருவே திரும்பிப் பார்த்தது.

"இன்னாயா நீ, கண்ணு தெரியல? எம் மூஞ்சி மேல பொட்டிய வெக்கிற!"

ஓட்டுநர் பெட்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். டிக்கியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி டிக்கியைப் பார்த்தார்.

"சாரிம்மா" என்றார், டிக்கியிலிருந்த முகத்திடம். பெட்டியை முன்சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார்.